மூலைக்கு மூலை முளைத்த களை

விதைச்சான்று அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘காது டாக்டர்’. கோதுமை இலை தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு குட்டி மடல்கள் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும். அதைத்தான் காது என்பார்கள். காட்டு ஓட்ஸ் என்ற களைப்புல்லுக்கு அது கிடையாது; மற்றபடி கதிர் வரும்வரை இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான். வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அந்தப் புல் ஒரே பருவத்தில் செத்துப்போகும். ஆனால் சாவதற்குள் விதையைக் கொட்டி வயலையே வளைத்துப்போட்டுவிடும். அதனால் மண்ணில் மண்டியிட்டு, செடிக்குச் செடி காதைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. வீட்டிலும் அதே கண். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் எதிரே யாரும் நடமாட முடியாது. தன் பக்கம் தப்பு என்று அவள் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. இந்த விஷயத்தில் அவள் கணவரும் நாத்தனாரும் ஒரே கட்சி.

அன்று அவள் பார்க்கப் போனது அந்த நாத்தனாரின் வயலை. தனியாளாகப் பயிர் செய்கிறவள், முதல்முறையாக விதைக்கென்றே கோதுமை போட்டிருந்தாள். இந்த வயல் தேறினால் அவள் கோதுமை மற்றவர்கள் நிலத்தில் விதையாகப் போகும். காட்டு ஓட்ஸ் இருந்தால் மாவு மில்லுக்குத்தான் போகும்.

ஆய்வாளர்கள் நடக்கிற மாதிரி மூலைக்கு மூலை குறுக்காக நடந்தாள். பத்தடி போனதும் ஒரு செடிக்குக் காதைக் காணோம். அடுத்ததற்கும் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள், காதில்லாத செடிகள் அவள் போகிற வழியிலேயே எதிர்மூலைவரை நீண்டிருந்தன. குனிந்து தன் காலுறையைப் பார்த்தாள். போன வருஷம் வாடகைக்கு வந்த அறுவடை மெஷின் மேல் பழியைப் போட்டுவிடலாம். அது என்ன, எதிர்த்தா பேசப் போகிறது?

மோட்டார் அறை வாசலில் காத்திருந்த நாத்தனார் ஓடி வந்தாள். “என்ன அண்ணி, பாஸா?”

“இல்லடி. காட்டு ஓட்ஸ் இருக்கு.”

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. “ஐயோ! மெஷின்ல வந்திருக்குமோ?”

“மெஷின் நேரா ஓடும். இது குறுக்கால போகுது. இந்த வயல்ல குறுக்கால நடக்குற ஆள் யாரு?”

“நீங்கதான்.”

“நான்தான். போன வருஷம் இந்த நிலம் விதைக்கு ஆகுமான்னு பார்க்க, களை மண்டின ஒரு வயல்லேருந்து நேரா இங்க வந்தேன். காலுறையில ஒட்டின விதையை உதறாம நடந்திருக்கேன். தப்பு என்னோடது.”

நாத்தனார் அவளையே பார்த்தாள். “என்ன சொன்னீங்க?”

“தப்பு என்னோடதுன்னேன். கதிர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிட்டா இன்னொரு தடவை பார்க்கலாம். ஆனா நான் பார்க்கக் கூடாது, வேற ஆளை வரச் சொல்றேன்.”

“அதெல்லாம் இருக்கட்டும். மறுபடி ஒரு தடவை சொல்லுங்க.”

“தப்பு என்னோடது! போதுமா?”

நாத்தனாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயல் கவலையை மறந்து போனை எடுத்தாள். “அண்ணா, போட்டது போட்டபடி கிளம்பி வா.”

அவர் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார், சட்டைக் கையை மடித்தார்.

“நீ குனியவே வேண்டாம், எல்லாத்தையும் நாங்க பிடுங்குறோம்,” என்றார் மனைவியிடம். “நீ முன்னால நடந்து அதைச் சொல்லிக்கிட்டே வா, போதும்.”