கஜபதிக்கு ரேகை தெரியாது

எங்கள் பக்கத்து வீட்டுக் கஜபதிக்குக் கண் முழுக்கப் போகவில்லை. அண்ணனூர் ஜனங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. குருடன் என்றால் உச்சுக் கொட்டலாம், பார்வை உள்ளவன் என்றால் வேலை ஏவலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவரை என்ன செய்வது?

எண்பத்தேழில் அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோரில் வேலை. டப்பாவில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் நடு எழுத்துகள் மறைய ஆரம்பித்தன. இனிக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். அங்கே வரலட்சுமி டீச்சர் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி கொடுத்து, எழுத்தை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கவும், நல்ல வெளிச்சத்தில் தினமும் பழகவும் சொன்னார்.

அவரும் சொல் தட்டாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பூதக்கண்ணாடியும் ஓரப்பார்வையும் சேர்ந்தால் நம்மவர்களுக்கு வேறென்ன தோன்றும்? கீரைக்காரி தாயம்மாள் பேப்பர் மேலேயே உள்ளங்கையை நீட்டிவிட்டாள். கண் சரியில்லை, ஜோசியமும் தெரியாது என்றார்.

"கண்ணு மங்குனவங்களுக்குத்தான் நைனா உள்ள பளிச்சுனு தெரியும்" என்றாள்.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. பேச்சு கம்பெனிவரை போயிற்று.

அங்கேயோ அவர் பிழைப்பு ஊசலாடிக்கொண்டிருந்தது. சீட்டைப் படித்துக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு என்று மேனேஜர் கங்காதரன் நாள் குறித்திருந்தார். அன்று கஜபதி தலையைச் சாய்த்து, சீட்டில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தார். முடித்தபோது பூதக்கண்ணாடிக்கு அடியில் மேனேஜரின் கை இருந்தது.

"அது கெடக்கட்டும். எனக்கு புரமோஷன் எப்போ, பாரு."

மாட்டேன் என்றால் மனிதர் முறைத்துக்கொள்வார். கஜபதி அந்தக் கையையும் ஓரமாகப் பார்த்தார்.

"வரும் சார். ஒரு குடும்பத்து வயித்துல அடிச்சா மட்டும் தள்ளிப் போவும்."

வேலை நிலைத்தது. தொண்ணூற்றேழில் ஓய்வு பெறும்வரை அவர் கையால் ஒரு டப்பா மாறியதில்லை. அதையும் ஜோசிய சக்தி என்றே சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வேலை நிலைத்த அன்று மனைவி லோகநாயகி பாயசம் வைத்தாள். அவர் தொடவில்லை. என்ன குறை என்று அவள் கேட்டாள்.

"ஒரு எழுத்து உடாம படிச்சேன் லோகு" என்றார். "அந்தாளு கேக்கவேயில்ல."