எண்டர் கீக்கு அப்பிய சந்தனம்

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அடக்கம் என்பது சுட்டுப்போட்டாலும் வராது. பென்னலூரில் எங்கள் தெருவுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தது அவள் சம்பளத்தில்தான். அதைத் தெரு முழுக்க அவளே சொல்லி முடித்துவிட்டதால் எங்களுக்குப் பீற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

ஒரகடம் பக்கம் காருக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் அத்தை லைனில் நின்றாள். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவளை வயர் செருக விட்டிருக்கிறார்களே என்று அவளுக்கு எப்போதும் கடுப்பு. அந்தச் சமயம் பார்த்து அங்கே கம்ப்யூட்டர் ரூமில் ஓர் இடம் காலியானது. அவளுடைய கான்ட்ராக்ட்டோ மாதக் கடைசியோடு முடிகிறது. நேரே மேனேஜரிடம் போய், "எவ்ளோ பீஸ் நல்லது, எவ்ளோ ரிஜெக்ட்டுன்னு லைன்லயே எண்ற புரோகிராம் நான் எழுதித் தரேன் சார்" என்று சொல்லிவிட்டாள். ஆயுத பூஜை அன்று வந்து பார்க்கிறேன் என்றார் அவர். பிடித்திருந்தால் அந்த இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

சோதனை செய்ய ஆள் வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் படித்த நான்தான் அந்த ஆள். லைனில் மாட்டும் துணிக் கையுறையைப் போட்டுக்கொண்டு நல்லதுக்கு ஜி, ரிஜெக்ட்டுக்கு ஆர் என்று தட்டுவேன். தட்டிய நொடியே திரையில் எண்ணிக்கை ஏறும். "பாத்தியா, இன்னா ஸ்பீடு!" என்பாள் அத்தை. தட்டியது நான், பாராட்டு அவளுக்கு.

கம்பெனி கம்ப்யூட்டரில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது விண்டோஸ், அங்கே லினக்ஸ். ஜி தட்டினால் ஜி என்ற எழுத்து வந்து நிற்கும், எண்ணிக்கை ஏறாது. எண்டர் தட்டினால்தான் ஏறும். ஓடுகிற லைனில் பீஸுக்கு இரண்டு தட்டு தட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?

"நம்ம வூட்டு மெஷினு எழுத்த உடனே புரோகிராம் கைல குட்த்துடுது. கம்பெனி மெஷினு ஷேர் ஆட்டோ மாதிரிடி. எண்டர்ன்ற கடைசி ஆளு ஏர்ற வரிக்கும் நகராது" என்று எனக்கு விளக்கினாள்.

ஷிப்ட் முடிந்தும் அங்கேயே உட்கார்ந்து, எங்கெங்கோ இரவல் வாங்கிய புத்தகங்களைப் புரட்டி, ஒற்றை எழுத்து ஏறினாலும் வண்டியைக் கிளப்பும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே ஒரு தொல்லை. புரோகிராமை நிறுத்திய பிறகும் கம்ப்யூட்டர் பழைய குணத்துக்குத் திரும்பாது, எதை அடித்தாலும் திரையில் தெரியாது. அதைத் தெளிய வைக்க ஒரு கட்டளை வரி உண்டு. ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் அடித்துச் சரிசெய்வாள். புரோகிராமுக்குள்ளேயே அதைச் சேர்க்க வேண்டும், சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் கடைசியில் மறந்தே போனாள்.

ஆயுத பூஜை அன்று வீட்டு ஆட்களையும் கம்பெனிக்குள் விடுவார்கள். லைன் நின்றிருந்தது, மெஷினுக்கு மெஷின் மாலையும் பொட்டும். அத்தை விடிந்ததுமே தன் புரோகிராமை ஓடவிட்டு, கீபோர்டுக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள். எண்டர் கீ வந்ததும், "உனுக்கு இனிமே வேல இல்ல, ரெஸ்ட் எடு" என்று ஓர் உருண்டைச் சந்தனத்தை அதன் தலையில் அப்பிக் குங்குமமும் வைத்தாள்.

பூஜை முடிந்து மேனேஜர் வந்து, கையுறை மாட்டித் தட்டினார். எண்ணிக்கை ஏறியது. "அட!" என்றார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"நிறுத்திட்டு, கணக்கு சேவ் ஆயிருக்கான்னு காட்டும்மா."

நிறுத்தினாள், எதையோ அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. எண்டரை அழுத்தினாள். அடியில் இறங்கிக் காய்ந்திருந்த சந்தனம் அதை அசையவிடவில்லை.

"ஐயையோ, மெஷினு பூட்ச்சும்மா! ஆஃப் பண்ணு" என்று சூப்பர்வைசர் பதறினார். மேனேஜர் கையுறையைக் கழற்றினார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு விரல்களைச் சேர்த்து ஒரு தட்டு. பிறகு எழுத்தெழுத்தாக என்னவோ அடித்தாள். கண் திரையிலேயே இருந்தது, அங்கே ஒன்றுமே இல்லை. உதடு மட்டும் முணுமுணுத்தது. அத்தை சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் கண்ணை மூடி, வல்லக்கோட்டை முருகா, காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன். மறுபடி இரண்டு விரல் தட்டு கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் அடிக்க அடிக்கத் திரையில் எழுத்து வந்துகொண்டிருந்தது, கணக்கும் பத்திரமாக இருந்தது.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்துடும்மா" என்றார் மேனேஜர்.

பொரி வாங்கும் வரிசையிலும், வெளியே கேட் வரைக்கும்கூட, அத்தை என் கையை விடவே இல்லை. வலிக்குது என்று சொல்லியும் விடவில்லை. என் வேண்டுதலால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். "ஆமாண்டி, உன் முருகன் லினக்ஸ் படிச்சிக்கீறாரு" என்று சிரிப்பாள்.

நானும் கம்ப்யூட்டர் வேலைக்கே வந்தேன். ஒருநாள் என் திரையும் அப்படி ஊமையாகி, கண்ணுக்குத் தெரியாத அந்த வரியை அடிக்க வேண்டி வந்தது. ஓர் எழுத்து பிசகினாலும் பிசகியது தெரியாது. சில சமயம் எண்டரும் கேட்காது. அப்போது அதற்குப் பதில் கன்ட்ரோலையும் ஜேயையும் சேர்த்து அழுத்த வேண்டும், அன்றைக்கு அத்தை இரண்டு விரலால் தட்டியது அதைத்தான். பாதியில்தான் கவனித்தேன், என் உதடு ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

எழுத்துகள் திரும்பி வந்தபோது என் உள்ளங்கை வியர்த்து நனைந்திருந்தது. அன்றைக்கு அத்தையின் கையும் இப்படித்தான் ஈரமாக இருந்தது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாதென்றுதான் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.