ஒரே ஹீட்டர் சுருள்

எஸ்பிரெசோ மெஷினில் நீர் ஒழுகினால் பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். மெக்கானிக் அதை மாற்றிவிட்டுக் காட்டினால் கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிடும்.

“இந்த வளையத்துக்கா ரெண்டு மணி நேரம்?”

கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், மெக்கானிக் எப்போதோ கழற்றிய, உப்பு அப்பிக் கறுத்த ஹீட்டர் சுருள் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் அதை நீட்டுவார்.

“ஐயையோ, இதுவா உள்ள இருந்துச்சு!” என்று கடைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். பதினோரு வருடமாக அந்தச் சுருள் ஊரிலுள்ள எல்லா மெஷினிலிருந்தும் கழன்றது.

போன வாரம் அவருக்கே கடைவாய்ப் பல்லில் குடைச்சல். பல் டாக்டர் பிடுங்கி முடித்து, பூதாகாரமான சொத்தைப் பல் ஒன்றைக் கிண்ணத்தில் நீட்டினார்.

வீங்கிய கன்னத்தோடு மெக்கானிக் கண்ணடித்தார்.

“இதை எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க, டாக்டர்?”