மாப்ள வைத்த வெல்டிங்

நான் வேலை பார்க்கும் லண்டன் பேட்டன்ட் வக்கீல் அலுவலகத்தில் காலை முழுக்க இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே ஒரு வார்த்தைக்காக முட்டிக்கொள்வார்கள். மதியம் பார்த்தால் ஒரே மேசையில் சாண்ட்விச் சாப்பிடுவார்கள். எங்கள் மேலூர்ப் பக்கம் இவ்வளவு பேசிவிட்டால் அப்புறம் கல்யாணப் பத்திரிகைகூடப் போகாது. ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் செய்யக்கூடாது என்று எழுதி வாங்குவதுதான் பேட்டன்ட். அதிலுள்ள சொல் எதுவரை செல்லும் என்று பார்ப்பது என் பிழைப்பு. சொல்லை அகட்டினால் பேட்டன்ட் வாங்கிய கம்பெனிக்கு லாபம். சுருக்கினால் எதிராளி தப்பிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் லீவில் ஊருக்குப் போனபோது அந்தப் பிழைப்பு வீட்டுக்கே வந்துவிட்டது. என் தங்கை வீட்டுக்காரர் செல்வம் மேலூரில் பட்டறை வைத்துக் கடலை உடைக்கும் மிஷின் செய்துகொண்டிருந்தார். அதைச் செய்யக்கூடாது என்று மெட்ராஸ் கம்பெனி ஒன்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பட்டறையை மூடினால் குடும்பம் நடுத்தெருவில்தான். தங்கை அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். கம்பெனியின் பேட்டன்ட்டை வாங்கிப் படித்தேன். சல்லடை, மிஷினோடு ‘நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும்’ என்று அதில் இருந்தது. மாப்ளயின் சல்லடையோ உருவி எடுக்கிற மாதிரி. “கவலைப்படாதே, இந்த ஒரு வார்த்தை போதும்” என்று தங்கையிடம் சொன்னேன். அவள் பட்டறையில் போய், “அண்ணன் பாத்துக்கிருவாரு” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் கம்பெனி இன்ஜினீயர் மிஷினைப் பார்க்க வருவதாக இருந்தது. முன்னாலேயே போனால், மிஷின் புதுப் பெயின்ட்டில் சந்தனம் குங்குமத்தோடு நிற்கிறது. சல்லடையை இழுத்தேன், அசையவில்லை.

“என்ன மாப்ள இது?”

“வெளியூரு ஆளு வாராரு, சல்லட கடகடன்னு ஆடுனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? அதான் காலையிலயே வெல்டிங் வச்சுட்டேன் மச்சான்.”

ஆள் வருகிறார் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஊர் இது. வழக்குப் போட வருகிறவரும் விருந்தாளிதான். வந்த இன்ஜினீயர் சல்லடையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நேரத்தில், அதே மிஷினுக்கு ஆர்டர் கொடுத்திருந்த கொட்டாம்பட்டி விவசாயி வந்து சேர்ந்தார்.

“இத எவன்யா பத்த வச்சது? நாளைக்கு ஆமணக்கு ஒடைக்கணும்னா சல்லடய எப்புடி மாத்துறது? எனக்கு இந்த மிஷினே வேணாம், போறேன்.”

“இருங்கண்ணே, கோவிக்காதீங்க!” மாப்ள உளியும் சுத்தியலும் எடுத்து நாலு போடு போட்டார். சல்லடை கையோடு வந்தது.

நான் விடுவேனா? “சார், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்களோ அதுதான் வார்த்தைக்குப் பொருள். இங்கே சல்லடை என்பது கழற்றி மாட்டுகிற சாமான்” என்று இன்ஜினீயரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கழன்ற சல்லடையை ஒரு முறை பார்த்துவிட்டு, மாப்ள கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். நான் ஊரிலிருந்து கிளம்புவதற்குள் நோட்டீஸ் வாபஸ் ஆனது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லண்டன் திரும்பியதும் முதலாளி, “லீவில் நன்றாக ஓய்வெடுத்தாயா?” என்றார். “ஒரு விருந்தாளி வந்தார்” என்றேன். என்ன புரிந்ததோ, “நைஸ்” என்று சொல்லி ஒரு ஃபைலை நீட்டினார். பெரிய கம்பெனி ஒன்றுக்காக, யார்க்‌ஷயரில் உள்ள சின்னப் பட்டறைக்கு நோட்டீஸ். இங்கேயும் ஒரு வார்த்தைதான் தகராறு; ஆனால் இந்த முறை அகட்ட வேண்டும். சம்பளம் வாங்குகிறேனே, நன்றாகவே அகட்டினேன். சிவப்புத் தபால் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, அந்தப் பட்டறைக்காரருக்கும் ஒரு மச்சான் லீவில் வந்திருக்க வேண்டும் என்று கள்ளழகரை வேண்டிக்கொண்டு நின்றேன்.