கவிழ்த்தாலும் ஓடும் சரபம்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ஓசூரில் மெல்லிய தூறல். கெலவரப்பள்ளி அணை இருக்கும் திசையில் மேகம் கனத்துக் கிடந்தது. மழை வலுக்குமா, வலுத்தால் எங்கள் தெருச் சரிவு வழுக்குமா என்று கவலைப்பட்டபடி, தலைக்கு ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, முந்தின இரவு முக்குக் கடையில் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களுடன் வாசலில் நின்றிருந்தேன்.

என் மகள் அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் விலங்குகளை வடிவமைக்கிறாள். ஆறு மாதத் தற்காலிக வேலை. அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் அவள் செய்யும் சரபம் என்ற புராண விலங்கைச் சரியாக நடக்கவைத்துக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சரபமும் கிடையாது, வேலையும் கிடையாது. அவளைவிட எனக்குத்தான் தூக்கம் போயிருந்தது.

அவள் ஜூஜுவாடியில் ஏறும் கர்நாடக அரசுப் பேருந்தில் இரட்டைத் தலைப் பறவை ஒன்று வரையப்பட்டிருக்கும். கண்டபேருண்டம். அந்தப் பறவையை இவர்கள் செய்யும் கேமில் வேறொருவர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். அதற்கு எதிரியாக வருவதுதான் சரபம். நரசிம்மரின் சினத்தைத் தணிக்கச் சிவன் சரபமாக வந்தார் என்பது ஒரு கூட்டத்தார் சொல்லும் கதை. அந்தச் சரபத்தை அடக்க நரசிம்மரே இரட்டைத் தலைப் பறவையானார் என்பது மற்றவர்கள் சொல்லும் கதை. அவரவர் கதையில் அவரவர் சாமி ஜெயிக்கும். இந்த கேமில் ஆடுகிறவர் கையில் முடிவு.

சரபத்துக்குச் சிங்க உடல், பறவை இறக்கை, எட்டுக் கால். எண்காற்புள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறேன். மகளும் எட்டுக் கால்தான் வரைந்தாள். ஆனால் எட்டையும் வயிற்றுக்குக் கீழே வைத்தாள். திரையில் அது நடந்தபோது கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

"பூரான் மாதிரி இருக்குன்னு சிரிக்கிறாங்கப்பா" என்றாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். "எங்க டீம் லீடு நாலு கால் போதும்ங்கிறாரு."

"நாலு கால்னா அது றெக்க மொளச்ச சிங்கம். சரபம் இல்ல."

"கேம் ஆடறவன் காலையா எண்ணப் போறான்?"

"நான் எண்ணுவேன்."

"நீங்க இட்லியக் கூட எண்ணித்தான் தின்றீங்க" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன் நான். எட்டுத் துளை இருக்க வேண்டிய தகட்டில் ஏழு இருந்தால் திருப்பி அனுப்பியே பழக்கம். எட்டை நாலாக்க மனம் ஒப்பவில்லை. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான், முன்பு மலைக்கோயில் அடிவாரத்தில் கேட்ட ஒரு கன்னடக் கதாகாலட்சேபம் நினைவுக்கு வந்தது. சரபத்துக்கு நாலு கால் கீழே, நாலு கால் முதுகின் மேலே; ஓடிக் களைத்தால் புரண்டு, மேல்கால்களால் ஓடும் என்றார் அந்தப் பாகவதர். அன்று அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியிருந்தேன்.

மகளிடம் சொன்னேன். "எப்படிப்பா பொரளும்? பாத்தாத்தான் எனக்குப் பிடிபடும்" என்றாள்.

அதற்குத்தான் ஸ்டூல்கள். உட்காரும் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கயிற்றால் கட்டினேன். நாலு கால் தரையில், நாலு கால் வானத்தில். மகள் தெருச் சரிவின் கீழே கைப்பேசியுடன் நின்றாள். தள்ளிவிட்டேன். இரண்டாவது புரளலில் கயிறு நழுவியது. ஒரு ஸ்டூல் சாக்கடையில் விழுந்தது. இன்னொன்று எதிர்வீட்டுத் துளசித் தொட்டியை உடைத்தது.

எதிர்வீட்டம்மா வெளியே வந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். "ஏன் சார், ரிட்டயராயி இத்தன வருசம் நல்லாத்தான இருந்தீங்க?"

"சரபம்மா. கேமுக்கு."

"சரபம் எங்க வேணா போகட்டும். என் தொளசி என்ன பண்ணுச்சி?"

தொட்டிக்குப் பணம் தருவதாகச் சொன்னேன். துளசியை ஒரு வாளியில் வைத்துவிட்டு அவரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். முக்குக் கடையில் துளை போடும் இயந்திரத்தை வாடகைக்கு வாங்கி, இரண்டு ஸ்டூலையும் நாலு போல்ட் போட்டு முறுக்கினேன். தூறல் நின்றிருந்தது. மறுபடி தள்ளினேன்.

அது உருண்டது. கவிழ்ந்தது, நின்றது, கவிழ்ந்தது, நின்றது. எந்தப் பக்கம் விழுந்தாலும் நாலு கால் தரையைப் பிடித்தது. சரிவின் அடியில், பால்காரர் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி, நிமிர்ந்து நின்றது. எதிர்வீட்டம்மா கை தட்டினார். மகள் வீடியோ அழைப்பில் லீடைப் பிடித்தாள். அவர் கன்னடக்காரர்.

"அங்கிள், இன்னொரு சலம், இன்னொரு தடவை தள்ளுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

மூன்று முறை தள்ளினேன். மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை. "கேம்ல எல்லாரும் இதைக் கவிழ்க்கத்தானே பாப்பாங்க" என்றார் மெதுவாக. "கவிழ்த்தா ஜெயிச்சோம்னு நெனப்பாங்க. அப்பதான் இது ஓடணும்."

ஞாயிறு முழுவதும் மகள் கணினியை விட்டு எழவில்லை. திங்கட்கிழமை மாலை அவளே பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்தாள். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இரட்டைத் தலைப் பறவையில் ஏறிச் சரபத்தை அடித்துக் கவிழ்த்தார்களாம். ஜெயித்த களிப்பில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தாராம். சரபம் புரண்டு, முதுகுக் கால்களால் எழுந்து, அவரைத் துரத்தியதாம். அறை முழுக்கக் கூச்சல்.

"வேல?" என்றேன்.

"பர்மனன்ட்டுப்பா. சரபத்த நாலு காலாக் கொறைக்கக் கூடாதுன்னு லீடே சொல்லிட்டாரு."

அன்றிரவு அவள் அதைக் காட்டினாள். கீழே நாலு, மேலே நாலு. இரண்டு முறை எண்ணினேன், சரியாக இருந்தது. போல்ட் போட்ட ஸ்டூல்களைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. மாடியில் எட்டுக் காலோடு நிற்கின்றன, மனைவி அவற்றின் மேல் துணி உலர்த்துகிறாள். ஸ்டூல், கயிறு, போல்ட், இயந்திர வாடகை, துளசித் தொட்டி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு ரூபாய்.