ஒரு நகம் விட்டு

செருப்புக் கடையில் காலை நீட்டிக் காட்ட எனக்கு இன்றும் கூச்சம். கடைக்காரர் முன்னால் குனிந்தாலே என் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். அதனால் ஐப்பசி பிறந்து மலையில் குளிர் இறங்கியதும் வீட்டிலேயே காலை அளந்து, அந்த நீளத்துக்கு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறேன். குச்சியைச் செருப்புக்குள் வைத்துப் பார்த்து வாங்கி வந்துவிடுவேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். நாங்கள் மலைமேல் அரியூர் நாட்டில் இருந்தோம். செருப்பு வேண்டுமென்றால் மலை இறங்கிப் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போக வேண்டும். எல்லோரும் போக முடியாது என்பதால் அம்மா துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவி, எங்கள் கால்களைக் குச்சிகளாக்கி அனுப்புவாள். சாயங்காலம்தான் அளப்பாள். காலையில் கால் வற்றியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால் கடிக்கும் என்பாள். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, பெருவிரலுக்கு அப்பால் ஒரு நகம் அளவு விட்டுக் குச்சியை ஒடிப்பாள்.

"வளர்ற காலு. ஒரு நகம் உடோணும்."

பெரியவர்கள் குச்சிக்கு அந்த நகம் கிடையாது. எது யாருடையது என்று தெரிய, நுனியில் நூல் கட்டுவாள். அக்காவுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை, தம்பிக்கு நீலம், அம்மாவுக்கு வெள்ளை. அப்பா சந்தைக்குப் போகிறவர் என்பதால் அவருக்குக் குச்சி தேவையில்லை.

நான் சொல்ல வந்த வருடம் தம்பி இல்லை. அதற்கு முந்திய தையில், நல்ல குளிரில், காய்ச்சல் வந்து இறந்துபோயிருந்தான். நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருந்த வயது. தோட்டத்துக்குக் கீழே, மிளகுக் கொடி ஏறிய பலா மரத்தடியில் புதைத்திருந்தார்கள்.

அப்பா என்னையும் சந்தைக்குக் கூட்டிப்போனார். குச்சிக் கட்டு என் கையில் இருந்தது. செருப்புக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டு ஆளுகள ஊட்லயே உட்டுட்டு சீமாத்த உருவிக் கொண்டாந்திருக்கீங்க?" என்றார்.

"குச்சின்னா கடிக்குதுன்னு அழுவாதுங்களே" என்றார் அப்பா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு செருப்புக்காரர் கட்டிலிருந்து ஒரு குட்டைக் குச்சியை எடுத்தார். நுனியில் நீல நூல்.

"இது சின்னவனுக்குங்களா?"

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குச்சிக் கட்டுக்குள் வேறு எதையோ தேடினார். "உங்கம்மா குச்சி எங்க கண்ணு?"

வெள்ளை நூல் கட்டிய குச்சி இல்லை. "நான் தொலைக்கலீங்கப்பா."

"தெரியுங் கண்ணு" என்றார். பிறகு செருப்புக்காரரைப் பார்க்காமல், "ஆமாங்க, சின்னவனுக்குத்தான். பின்னால வார் வச்சதாக் குடுங்க. பனியில வழுக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினாள். சின்னச் செருப்பை வாங்கிக் கதவோரம் எங்கள் செருப்புகளின் வரிசையில் கடைசியாக வைத்தாள்.

குளிர் முடியும்வரை அம்மா தினமும் சாயங்காலம் எங்கள் கால்களைப் பார்த்துக்கொள்வாள். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து வெடிப்புகளில் தடவுவாள். புதுச் செருப்பைப் பழக்குவதும் அவள்தான். வாரில் விளக்கெண்ணெய் தடவி, தன் கைகளைச் செருப்புக்குள் நுழைத்து, வாசல் மண்ணில் தப்தப்பென்று நடக்க வைப்பாள். "கடிக்கிறதெல்லாம் என் கையக் கடிச்சுட்டுப் போவட்டும்" என்பாள். அந்த வருடமும் அக்காவின் செருப்பையும் என் செருப்பையும் எங்கள் கண் முன்னால் பழக்கினாள். சின்னச் செருப்பைத் தொடவில்லை.

ஆனால் சில நாள் கழித்து, விடிந்ததும் பார்த்தால் அந்தச் சின்னச் செருப்பு நனைந்திருந்தது. அடியில் செம்மண். வாரில் புல் விதை ஒட்டியிருந்தது. மறுநாளும் அப்படியே. எங்கள் செருப்புகள் வைத்தபடி காய்ந்து கிடந்தன.

"தம்பி வந்து போட்டுட்டுப் போறான்டி" என்றாள் அக்கா.

"எதுக்கு வாரான்?"

"அங்க தனியா இருக்கப் பயமா இருக்குமில்ல. நம்மள்ல ஆரையாச்சும் கூட்டிட்டுப் போவ வாரானோ என்னமோ."

அன்றிலிருந்து கால் வெளியே தெரியாமல் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு படுத்தேன். யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. செருப்பில்லாத அம்மாவின் குதிகால்கள் பிளக்க ஆரம்பித்தன. காலையில் சாணி மெழுகிய நடையில் கறுப்பாக ரத்தப் பொட்டுகள் இருக்கும். இருமினாள். தொட்டால் உடம்பு சுட்டது. சோறு இறங்கவில்லை.

"ஏம்புள்ள, என் செருப்பையாச்சும் மாட்டிட்டுப் போறது" என்றார் அப்பா அம்மாவிடம்.

"பெருசா இருக்குதுங்க. தடுக்குது."

எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒருநாள் விடியும் நேரம் விழித்தேன். அம்மா பக்கத்தில் இல்லை. வாசலுக்கு வந்தால் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. ஈர மண்ணில் அம்மாவின் வெறுங்கால் தடம் தோட்டத்துப் பக்கம் இறங்கிப் போனது. கொஞ்ச தூரம் தள்ளி அதன் பக்கத்தில் இன்னொரு தடமும் சேர்ந்துகொண்டது. சின்னச் செருப்புத் தடம்.

நான் அந்த வழியே போனேன். பலா மரத்தின் அடி தெரியவில்லை, கிளைகள் மட்டும் மேலே நின்றன. தப், தப் என்று சத்தம் கேட்டது. அம்மா முதுகை வளைத்துக் குனிந்திருந்தாள். அவள் கைகள் தரையோடு தரையாக நகர்ந்தன. கைகள் முடிந்த இடத்தில் அந்தச் செருப்புகள் ஒன்று மாற்றி ஒன்று எட்டு வைத்தன.

"பாத்து வா சாமி, வழுக்கும். கடிக்குதா? நாளைக்குக் கடிக்காது."

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். மெதுவாகச் சிரித்தாள்.

நான் திரும்பி ஓடிவந்துவிட்டேன். தம்பியைப் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா அவன் பாதங்களைப் பிடித்து நடத்துகிறாள், கணுக்காலுக்கு மேலே பனி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் வெறுங்காலோடு போகிறவள் பாதி வழியில் விழுந்துவிடுவாள். காலில் செருப்பு இருந்தால் திரும்பி நடந்து வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்போரம் காய்ச்சலில் கண்ணயர்ந்திருந்தாள். ஓர் ஈர்க்குச்சியை அவள் பாதத்தோடு சேர்த்து வைத்தேன். குதிகால் வெடிப்பில் குச்சி நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. அவள் செய்வதைப் போலவே பெருவிரலுக்கு அப்பால் ஒரு நகம் விட்டு ஒடித்து, வெள்ளை நூல் கட்டி அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் விரலால் நீளத்தைத் தடவிப் பார்த்தார். "ஏங் கண்ணு, உங்கம்மா இன்னும் வளர்றாளா?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சந்தைக்கு அம்மாவுக்குச் செருப்பு வந்தது. வெடிப்புக்குத் துணி சுற்றியிருந்ததால், அதிகமாக விட்ட அந்த ஒரு நகம் சரியாகப் போய்விட்டது. மறுநாள் காலை மண்ணில் பெரிய செருப்புத் தடமும் சின்னச் செருப்புத் தடமும் ஒன்றையொன்று ஒட்டிப் போயிருந்தன. பெரியது மட்டும் திரும்பி வந்திருந்தது. நடையில் ரத்தப் பொட்டு இல்லை. மாசி வருவதற்குள் அம்மா தேறிவிட்டாள். சின்னச் செருப்பு கதவோரத்தில் இல்லாமல் போனது.

அடுத்த ஐப்பசியில் அம்மா மறுபடியும் எங்களைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். குச்சிக் கட்டில் வெள்ளை நூல் இருந்தது. நீல நூலும் இருந்தது. போன வருடத்து நீலக் குச்சியை அப்பா கூரை இடுக்கில் செருகி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துப் புதியதோடு சேர்த்து வைத்தேன். புதியது சரியாக ஒரு நகம் கூடுதல் நீளம்.

"தம்பி வளர்றான்டி" என்று அக்காவிடம் சொன்னேன். அவளும் வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்படியே போனால் எப்போது என்னை எட்டுவான் என்று பயந்துகொண்டே, நீலக் குச்சியை என் பச்சைக் குச்சியின் பக்கத்தில் வைத்து அளந்தேன். சுவரோடு ஒட்டி நிற்க வைக்க அங்கே ஒரு கால் இல்லை என்பதும், அந்த ஒரு நகத்தை விட்டு ஒடித்தது யார் என்பதும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.