புழு டின் பிடித்த சம்மாட்டி

என் அப்பா என் வீட்டில் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும். கல்யாணமாகி மூன்று வருடமாக எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றப் பெண்கள் தாலிக்கொடியின் பவுணைக் கூட்ட ஆசைப்பட்டார்கள். நான் இதற்கு ஆசைப்பட்டேன்.

அப்பா விடத்தல்தீவில் சம்மாட்டி. சொந்தமாக வலையும் மூன்று வள்ளமும் வைத்து இருபது பேரை ஏவி வேலை வாங்கியவர். நான் கட்டிக்கொண்டதோ பெரியமடுவிலே ஒரு வயற்காரரை. அவர் நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போகிறவர். மூன்றாம் தடவை கருவாட்டை மறந்துவிட்டு வெறும் வண்டியோடு போனார். எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அப்பாவுக்கு விளங்க ஆறு மாதம் எடுத்தது. கடற்காரன் பெற்ற பிள்ளையைச் சேற்றுக்குள் தள்ள மாட்டேன் என்று நின்றார். நானும் அவருடைய மகள்தானே, அசையவில்லை. கடைசியில் கோயிலுக்கு வந்து என்னைக் கைப்பிடித்துக் கொடுத்துவிட்டு, பந்தி போட முன்னமே எழும்பிப் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியமுன்னம் வரிசையில் நின்ற காலம் அது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வியாழக்கிழமை ஒன்றில், மத்தியானம், பையும் கையுமாக அப்பா எங்கள் படலையடியில் நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் வந்த காரணத்தை அவரே சொன்னார். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில் பங்குச் சுவாமி அவரைப் பிடித்துக்கொண்டாராம். மகள் வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வா, அதுதான் உனக்கு அபராதம் என்று சொல்லிவிட்டாராம். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்க்கவே இல்லை. பைக்குள் இருந்து ஒரு பார்சலை எடுத்தார். புட்டும் பொரித்த கருவாடும்.

"சுவாமி போகச் சொன்னவர். சாப்பிடச் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு முற்றத்துப் பாலைமரத்தின் கீழ் இருந்து தின்றார். அவருக்கென்று நான் வளர்த்த சேவல் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து சிந்தின புட்டைப் பொறுக்கியது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆகாது. சேவலுக்கு ஆயுசு கெட்டி. எனக்கு வந்த கோபத்தில் அப்பாவை விட்டுவிட்டுச் சேவலைத்தான் ஏசினேன்.

என் புருசன் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுகிறவர். அதிலும் நாலு மாட்டுக்குப் போய்விடும். வயல் வேலை முடிந்தால் தூண்டிலோடு குளக்கட்டில் போய் இருந்துவிடுவார். வரிசையில் நின்று நான் வாங்கி வரும் பாணில் ஒரு பிடியைப் பிய்த்து மீனுக்குப் போடுவார். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி அதனால் வந்தவை. அன்றைக்கு அவர் பெரிய மனது பண்ணி, மாமாவும் வாறீங்களோ என்று கேட்டார். குளத்து மீன் பிடிக்கிற கூத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அப்பாவும் கிளம்பினார். இரண்டு பேரையும் தனியே விடப் பயந்து, தேத்தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

குளக்கட்டில் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனபடியால் ஒருவரும் மீறுவதில்லை. அதைக் காத்து நின்றவர் எருக்கலம்பிட்டி நானா. சைக்கிளில் சாரம் விற்க வந்து, ஒரு நாள் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டு, அதற்குப் பிறகு சாரத்தை மறந்துபோன மனிதர். குளத்து விசயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்பா போய்ச் சேர்ந்து கால் மணித்தியாலத்துக்குள் அந்தச் சட்டம் முழுவதையும் மீறி முடித்தார். போனதும் நானாவிடம் இன்றைக்கு எத்தனை பட்டது என்று உரத்த குரலில் கேட்டார். குளத்தில் அப்படிக் கேட்டால் அதன்பிறகு ஒன்றும் படாது. நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே கிடந்த தூண்டில் தடியைத் தாண்டிப் போனார். நிழல் தண்ணீரில் விழும்படி விளிம்பில் போய் நின்றார். அடுத்தவரின் கூடையைத் திறந்து, உள்ளே கிடந்த யப்பான் மீன்களைப் பார்த்து, இதையெல்லாம் எங்கள் ஊரில் வலையை உதறும்போது திரும்பக் கடலில் போட்டுவிடுவோம் என்றார். கடலில் யப்பான் மீன் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். என் புருசன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளத்து மதகான துருசடியில், தாமரைக்குள்ளே ஒரு விரால் கிடந்தது. இரண்டு மாதமாக இவர் அதன் பின்னால் திரிந்தார். என் பிறந்தநாளை மறந்த மனிதருக்கு அந்த விரால் எந்த நேரம் எந்த இலைக்குக் கீழே வரும் என்று தெரியும். அன்றைக்குப் பார்த்து அது தூண்டிலை விழுங்கியது. தடி வில்லாக வளைந்தது. இவர் எழும்பி, தங்கூசி நூலைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, மீனைக் களைக்கப் பண்ணிக்கொண்டிருந்தார். குளக்கட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீனோடு நிற்கும்போது மற்றவர் கிட்டப் போகக் கூடாது. சட்டத்திலேயே பெரிய சட்டம் அதுதான்.

ஆனால் எங்கள் ஊர்க் கடற்கரையில் கதை வேறு. வள்ளம் கரைக்கு வந்தால், கயிறு இழுபட்டால், நிற்கிற எல்லோரும் ஓடிப்போய்க் கை வைக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றவனை அடுத்த நாள் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அறுபது வயது வரைக்கும் அப்படியே பழகின கை சும்மா இருக்குமா? அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். தங்கூசியை இரண்டு கையாலும் பிடித்து, ஏலேலோ என்று குரல் கொடுத்து, வள்ளத்தைக் கரையேற்றுகிறமாதிரி ஒரு இழுவை இழுத்தார்.

தங்கூசி அறுந்தது. அப்பா மல்லாக்க விழுந்தார். விரால் போய்விட்டது.

"ஆர் உங்களைத் தொடச் சொன்னது?" என்று இவர் கத்தினார். இவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அப்பா எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு, கயிறு இழுபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன மரமோ என்று திருப்பிக் கேட்டார். நானா நடுவில் வந்தார்.

"சம்மாட்டியார், மற்றவன்ரை மீனைத் தப்ப விட்டவர் அடுத்த நாள் அவனுக்குப் புழு டின் பிடிக்கவேணும். இது இந்தக் குளத்துச் சட்டம். நானும் பிடிச்சனான்."

அப்பா வீட்டுக்கு நடந்தார். மிச்சப் புட்டைப் பாலைமரத்தடியில் இருந்து தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் என் புருசனைப் பிடித்துக்கொண்டேன். வராத மனிதர் வந்திருக்கிறார், போய் ஒரு சொல்லுச் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டேன். சட்டம் என்றார். உங்கடை சட்டத்தைக் கொண்டுபோய்க் குளத்திலை போடுங்கோ என்று சொல்லிவிட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் அப்பா முகம் வழித்து, பையைக் கட்டி வைத்திருந்தார். ஏழு மணிக்கு பஸ். இரண்டு இரவில் ஒன்றுதான் முடிந்திருந்தது. மற்றதைச் சுவாமியிடம் சொல்லிக் கழித்துக்கொள்வார் போலும். நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. போகிறதென்றால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டு சம்பல் இடித்தேன். உப்புப் போடத் தேவையில்லாத அளவுக்கு அழுதேன். அப்போது குசினி வாசலில் நிழல் தட்டியது.

"பிள்ளை, அந்தப் புழு டின் எங்கை கிடக்கு?"

நான் உலக்கையைக் கீழே வைத்தேன்.

"என்ரை கரையிலை என்ரை சொல்லுக்கு இருபது பேர் நிண்டவங்கள். இன்னொருத்தன்ரை கரைக்கு வந்தால் நான் அவன்ரை சொல்லுக்கு நிக்கவேணும்."

பழைய பால்மா டின் ஒன்று. குளக்கட்டில் சம்மாட்டி அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவருக்குப் பக்கத்தில் இருந்தார். கோயிலில் நற்கருணைப் பாத்திரத்துக்குக்கூட அவர் அவ்வளவு மரியாதையாக நின்று நான் கண்டதில்லை. இவர் கை நீட்டினால் ஒரு புழு. மறுபடி நீட்டினால் இன்னொரு புழு. வெயில் ஏறியது. யாரோ நடந்து வந்து இன்றைக்கு எத்தனை பட்டது என்று கேட்டபோது, அப்பா அந்த மனிதனை எரித்துவிடுகிறமாதிரிப் பார்த்தார்.

மத்தியானம் சாய்கிற நேரம் இவர் தவளை குத்தி எறிந்த தூண்டிலைத் தாமரைக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. இழுத்த இழுவையில் இவர் முழங்காலளவு தண்ணீருக்குள் போய்விட்டார். தங்கூசி தாமரைத் தண்டில் சுற்றிக்கொண்டது. ஒரு கை தடியில், ஒரு கை தண்டில், காலுக்குக் கீழே சேறு.

"மாமா, ஒருக்கால் வாங்கோ," என்றார் இவர்.

அப்பா அசையவில்லை. டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அது உங்களுடைய மீன், நான் தொடக்கூடாது என்றார். இவர் மறுபடியும் கூப்பிட்டார். அப்பா திரும்பி நானாவைப் பார்த்தார். கேட்டால் கை கொடுக்கலாம், கேட்காமல்தான் கூடாது என்றார் நானா. அந்தச் சொல் முடியவில்லை, அப்பா டின்னோடு தண்ணீருக்குள் பாய்ந்தார். புழுவெல்லாம் குளத்து மீனுக்கு விருந்தாகிவிட்டது. ஒருவர் தண்டை முறிக்க, ஒருவர் தங்கூசியைப் பிடிக்க, முழங்கை நீளத்து விரால் ஒன்று குளக்கட்டில் வந்து விழுந்தது. இது நேற்றைய மீன்தான் என்று அப்பா சாதித்தார். நேற்று அறுந்துபோன தூண்டில் இதன் வாயில் இல்லையே என்று இவர் வாயைப் பிளந்து காட்டியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வழி நெடுக இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டு போனார்கள். இவர் ஒரு வருடத்துக்கு வேண்டிய பேச்சை அன்றைக்கே பேசி முடித்தார்.

நான் விராலைச் சாம்பல் போட்டு உரசி, புளி கரைத்து, தேங்காய்ப் பால் விட்டுக் குழம்பு வைத்தேன். பாயை விரித்தேன். அப்பா கைகழுவிக்கொண்டு வந்து இவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் கோப்பையை வைக்கலாமா விடலாமா என்று தெரியாமல் அகப்பையோடு நின்றேன்.

"போடு பிள்ளை. இழுத்தவனுக்குப் பங்கு இருக்கு. இது உன்ரை சாப்பாடில்லை, என்ரை பங்கு."

மூன்று தரம் சோறு வாங்கினார். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ என்ன நிக்கிறாய்? இரு. மூண்டு பேருமாய்த் தின்னுவம்."

புருசனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் நானும் இருந்து தின்றேன். அந்த விரால் என்ன ருசியாக இருந்தது என்று யாராவது கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.